பெட்டிக்குள் வெளுத்த படைகள்: மேசைப் போர் உருவங்களைப் பேணிய வரலாறு

மேசைமேல் பரப்பி ஆடும் போர் விளையாட்டுக்கான வண்ண உருவங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியவை. கண் இமையும் பொத்தானும் தெரியும்படி நுண்ணிய தூரிகையால் தீட்டப்பட்ட ஓவியம் அது. அதே சமயம், ஒவ்வோர் ஆட்டத்திலும் விரலால் எடுத்து நகர்த்த வேண்டிய காயும் அதுதான். கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் சிற்பத்துக்கு விரலின் தொல்லை இல்லை. சதுரங்கக் காய்க்கு வண்ணம் உதிரும் தொல்லை இல்லை. இந்த உருவங்களுக்கு இரண்டும் உண்டு. அதனால்தான் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருநூறு ஆண்டுகளாக இவற்றைக் காக்கப் பலவிதமான வழிகள் தேடப்பட்டன. அந்தத் தேடலில் திரும்பத் திரும்ப நேர்ந்தது ஒன்று உண்டு: காப்பதற்கென்று கொண்டுவந்த பொருளே கேட்டுக்கும் காரணமானது. மரப்பெட்டி உலோகத்தை அரித்தது, வார்னிஷ் பழுப்பேறியது, மெத்தென்றிருந்த ஃபோம் பிசுபிசுத்துப் பொடிந்தது.

இந்த உருவங்களின் முன்னோடிகள் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துத் தட்டை வீரர்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோகான் காட்ஃப்ரீட் ஹில்பெர்ட்டின் பட்டறை அவற்றைப் புகழ்பெறச் செய்தது. பலகைக்கல்லில் எதிர்மறையாகச் செதுக்கிய இரு பாதி அச்சுகளுக்கு நடுவே வெள்ளீயமும் காரீயமும் கலந்த உருக்கை ஊற்றுவார்கள். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனில், இரு பக்கமும் புடைப்பு வேலையோடு வீரன் வெளியே வருவான். 1839இல் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் பட்டறை, சுமார் 30 மில்லிமீட்டர் உயரத்தை 1848 வாக்கில் தன் அளவாக வைத்துக்கொண்டது. பிற பட்டறைகளும் அதைப் பின்பற்றியதால் ஒருவரின் குதிரைப்படையும் இன்னொருவரின் காலாட்படையும் ஒரே மேசையில் பொருந்தி நின்றன. வண்ணம் தீட்டும் வேலை பெரும்பாலும் வீடுகளில், பெண்களும் சிறுவர்களும் கூலிக்குச் செய்தது.

தட்டை வீரர்களை எடைக்கு விற்றார்கள். கால் பவுண்டு, அரை பவுண்டு என்று நிறுத்து, மெல்லிய மரச்சீவலை வளைத்துச் செய்த நீள்வட்டப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பார்கள். உருவங்களைக் காக்க அமைந்த முதல் உறை இந்தச் சீவல் பெட்டிதான். எடை குறைவு, விலை மலிவு, கடை முதல் வீடு வரை உடையாமல் போய்ச் சேரும் என்ற வகையில் அது நல்ல உறை. ஆனால் உள்ளே வீரர்கள் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்துக் கிடந்தார்கள். பெட்டி குலுங்கும்போதெல்லாம் துப்பாக்கி முனை அடுத்தவன் முகத்தைச் சுரண்டியது. மரச்சீவல் மெல்லக் கசிய விடும் அமில ஆவியைப் பற்றி அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. இன்று பவேரியாவின் குல்ம்பாக் நகரில், பிளாசன்பர்க் கோட்டையில் உள்ள ஜெர்மன் தகர உருவ அருங்காட்சியகத்தில் சுமார் 3 லட்சம் உருவங்கள் இருக்கின்றன. அவ்வளவு மெல்லிய உலோகம் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு, பட்டறைக்காரர்கள் கலவையில் தாராளமாகச் சேர்த்த வெள்ளீயம் ஒரு முக்கியக் காரணம். அதன் பயன் பின்னால், காரீயம் அரிபடத் தொடங்கியபோதுதான் புரிந்தது.

பொம்மை ஒருபுறம் இருக்க, போர்ப் பயிற்சிக்கான விளையாட்டு பிரஷ்யாவில் வளர்ந்தது. 1812இல் கேயார்க் லெயோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியமுக்குச் செய்து கொடுத்த ‘கிரீக்ஸ்பீல்’ மேசை ஓர் அலமாரியாகவும் இருந்தது. நிலப்பரப்புத் துண்டுகளும் பீங்கான் காய்களும் அதன் இழுப்பறைகளுக்குள் அடங்கின. ஆட்டத்துக்கான பலகையும் காய்களுக்கான காப்பிடமும் ஒரே பொருளாக அமைந்த ஏற்பாடு அது. 1824இல் அவருடைய மகன் படை அதிகாரிகளுக்கென்று விதிகளைத் திருத்தி எழுதியபோது, காய்கள் சிவப்பு, நீலம் பூசிய எளிய ஈயக் கட்டைகளாகச் சுருங்கின. முகமும் உடையும் இல்லாத அந்தக் கட்டைகளில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. அதிகாரிகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. உருவத்தின் அழகும் வேண்டும் என்று கேட்டவர்கள் வீட்டில் விளையாடியவர்கள்.

காட்சிக்காகச் செய்த படைகளின் பாடு வேறு. பிரிட்டிஷ் கேப்டன் வில்லியம் சைபோர்ன் வாட்டர்லூ போர்க்களத்தை ஒரு மைலுக்கு 9 அடி என்ற அளவில் மாதிரியாகச் செய்து, 1838இல் லண்டனின் எகிப்திய மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார். சுமார் 400 சதுர அடிப் பரப்பில் 70,000க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உலோக வீரர்கள் அதில் நின்றார்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்தில் ஒரு தூசித் துகள்கூட வீரனின் தொப்பி அளவுக்குத் தெரியும். துடைக்கப் போனால் துப்பாக்கி ஒடியும். இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த மாதிரி ஒரு பழைய உண்மையை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு சிறிய உருவங்களைச் சுத்தம் செய்வதைவிட அவற்றின்மேல் தூசி விழாமல் பார்த்துக்கொள்வதே எளிது. கண்ணாடிப் பெட்டியின் தேவை தொடங்குவது அங்கேதான்.

1893இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் வீரர்களை உள்ளீடற்றவர்களாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. உருக்கிய கலவையை அச்சில் ஊற்றி, ஓரங்களில் ஒட்டி உறைந்த உடனே அச்சைக் கவிழ்த்து நடுவிலிருந்த உருக்கை வெளியே கொட்டிவிடுவார்கள். உள்ளே வெறும் ஓடு. உலோகம் மிச்சமானதால் விலை குறைந்தது. ஜெர்மானிய வீரர்கள் கோலோச்சிய சந்தையில் 54 மில்லிமீட்டர் உயரத்துப் பிரிட்டன் வீரர்கள் இடம் பிடித்தார்கள். பளபளக்கும் எனாமல் பூச்சு, சிவப்பு அட்டைப் பெட்டி, அதற்குள் அட்டையோடு சேர்த்து நூலால் கட்டிய வீரர்கள். சீவல் பெட்டியின் குலுக்கலுக்கு இந்த நூல்கட்டு நல்ல விடை. ஒருவனும் இன்னொருவன்மேல் உரச முடியாது. பழைய பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் நூல் அறுபடாத பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது அதனால்தான். நூல் அறுபடவில்லை என்றால் அந்த வீரர்கள் விளையாட்டில் இறங்கவே இல்லை என்று பொருள்.

ஆனால் விளையாட்டில் இறங்கிய வீரர்கள் பட்ட பாடு சாதாரணமல்ல. எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூல், வீட்டுத் தரையில் ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்தது. அதில் பகடை இல்லை. சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியிலிருந்து சிறு மரக்குண்டை உண்மையாகவே எய்து, யார் சாய்ந்தாரோ அவர் செத்தார். குண்டு பட்ட இடத்தில் எனாமல் தெறிக்கும். உள்ளீடற்ற கழுத்து ஒடியும். ஒடிந்த தலையை ஒட்டவைக்கச் சிறுவர்கள் கையாண்ட முறை எளிமையானது. தீக்குச்சித் துண்டு ஒன்றைக் கழுத்துத் துளைக்குள் பாதி செருகி, மீதிப் பாதியில் தலையைப் பொருத்திவிடுவார்கள். நூறாண்டு பழைய பிரிட்டன் வீரர்களில் பலருக்கு இன்றும் கழுத்துக்குள் அந்தத் தீக்குச்சி இருக்கிறது. சேகரிப்பவர்களின் பட்டியல்களில் அது குறையாகக் குறிக்கப்படுகிறது. ஒரு குழந்தை அந்த வீரனைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டதற்கான சான்றும் அதுதான்.

பொம்மைக் குண்டை விட்டுவிட்டுப் பகடைக்கு மாறியது உருவங்களுக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி, ஆடுவதற்கென்றே சிறிய உலோக வீரர்களை வார்த்து விற்றார். 1957இல் ‘வார் கேம் டைஜஸ்ட்’ இதழையும் தொடங்கினார். இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 1962ஆம் ஆண்டு நூலான ‘வார் கேம்ஸ்’ இந்தப் பொழுதுபோக்கைப் பெரியவர்களிடையே பரப்பியது. மோதல் முழுவதும் பகடையிலும் அட்டவணையிலும் நடந்ததால் வீரர்கள்மேல் எதுவும் வந்து விழவில்லை. மிஞ்சியது ஒரே எதிரி. அது விரல்.

விரலை வண்ணத்திடமிருந்து பிரித்தது அடித்தட்டு. கால்களுக்கிடையே உலோகத்தோடு சேர்ந்தே வார்த்த சிறு மிதியடி பிடிப்பதற்குப் போதவில்லை. ஆட்டக்காரர்கள் அட்டை, ஒட்டுப்பலகை, தகரம் என்று கிடைத்ததை வெட்டி, நான்கைந்து வீரர்களை ஒரே தட்டில் ஒட்டினார்கள். 1969இல் தொடங்கிய ‘வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்’ தன் பண்டைக்காலப் போர் விதிகளில் தட்டின் அகலத்துக்கே அளவு நிர்ணயித்தது. 1990இல் வந்த அதன் ‘டிபிஏ’ விதிகளில் ஒரு படை என்பது வெறும் 12 தட்டுகள். அளவு நிர்ணயித்தது போர்வரிசைக்காகத்தான். ஆனால் பாதுகாப்புக்கு அதனால் கிடைத்த நன்மை எந்த வார்னிஷும் தந்ததைவிடப் பெரிது. வீரனைத் தலையைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் ஒழிந்தது. தட்டின் விளிம்பைப் பிடித்தால் போதும். 1980களில் இங்கிலாந்தின் சிட்டடெல் மினியேச்சர்ஸ், உருவத்தின் காலடியில் ஒரு பட்டையையும் பிளாஸ்டிக் தட்டில் அதற்கான பிளவையும் வைத்து ‘ஸ்லாட்டா பேஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. தனித்து நிற்கும் வீரனுக்கும் பிடித்துத் தூக்க ஓர் இடம் கிடைத்தது.

பூச்சின் மேல் பூசும் பூச்சுக்குத் தனி வரலாறு. ஆரம்பகால ஆட்டக்காரர்கள் எண்ணெய் வண்ணமும், ஹல் நகரத்து ஹம்ப்ரால் போன்ற சிறு டப்பா எனாமல்களும் கொண்டு தீட்டி, மேலே மரச்சாமான் வார்னிஷையே பூசினார்கள். கெட்டியான, பளபளப்பான படலம். அடி தாங்கும். ஆனால் எண்ணெய் சார்ந்த வார்னிஷ் ஆண்டுகள் போகப்போக மஞ்சளித்தது. வெள்ளைச் சிலுவைப் பட்டைகள் தந்த நிறமாயின, நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்தது. மங்கலாக, உண்மைத் துணிபோல் தெரிய வேண்டும் என்ற ரசனை 1970களில் வலுத்தபோது மேட் வார்னிஷ் தேவைப்பட்டது. அமெரிக்காவில் டெஸ்டார்ஸ் நிறுவனத்தின் ‘டல்கோட்’ அந்த வேலைக்குப் பெயர்பெற்றது.

மேட் வார்னிஷ் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் நுண்ணிய சிலிக்கா போன்ற துகள்கள். உலர்ந்த படலத்தின் மேற்பரப்பை அவை சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறடிக்கின்றன. அதே துகள்கள்தான் படலத்தைப் பலவீனமாக்குவதும். விரல் அடிக்கடி படும் குதிரையின் முதுகும் வீரனின் தோள்விளிம்பும் முதலில் மினுங்கத் தொடங்கி, பிறகு உலோகம் தெரியும் அளவுக்குத் தேயும். இதற்கு அனுபவத்தில் கண்ட வழிதான் இன்றுவரை பெரும்பாலோர் கடைப்பிடிப்பது: முதலில் பளபளப்பு வார்னிஷை ஒருமுறை பூசி நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் மேட் வார்னிஷை மெல்லிய படலமாக அடிப்பது. அடிப்படலம் அடியைத் தாங்கும், மேல்படலம் மினுக்கத்தை அடக்கும்.

மேட் வார்னிஷ் ஸ்பிரே தந்த தொல்லை இன்னொன்று உண்டு. மழைக்கால ஈரத்தில் வெளியே வைத்து அடித்தாலோ, டப்பாவைப் போதுமான அளவு குலுக்காமல் அடித்தாலோ, உலரும்போது உருவம் முழுவதும் வெள்ளைப் படலம் பூத்துவிடும். பல வாரங்கள் உழைத்துத் தீட்டிய கரும்பச்சை அங்கி, கடைசி அரை நிமிடத்தில் சாம்பல் நிறமாகும். மங்கல் துகள்கள் ஓரிடத்தில் குவிவதும், வார்னிஷ் உலரும்போது காற்றின் ஈரம் அதில் சிக்குவதும் இதற்குக் காரணம். மேலே பளபளப்பு வார்னிஷ் பூசினால் அது சொரசொரப்பின் இடைவெளிகளை நிரப்பி அடியிலுள்ள நிறத்தைப் பெரும்பாலும் மீட்டுத் தரும். சிலர் மென்தூரிகையால் ஆலிவ் எண்ணெய் தடவியும் மீட்டிருக்கிறார்கள். எண்ணெய் செய்வதும் அதே நிரப்பும் வேலைதான். ஆனால் அது முழுதாக உலராது, தூசியைப் பிடித்து வைக்கும். அவசர உதவிக்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்க முடியாது.

வார்னிஷிலேயே வண்ண வேலையையும் முடித்துவிடும் குறுக்குவழி ஒன்றும் பிறந்தது. மரத்துக்கான நிறம் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷில் உருவத்தை முக்கி உதறினால், அது பள்ளங்களில் தங்கி நிழலாகும், மேடுகளில் மெல்லிய காப்பாகும். அமெரிக்க ஆட்டக்காரர்கள் வன்பொருள் கடை டப்பாக்களை வைத்துச் செய்துவந்த இந்த முறையை, 2007இல் டென்மார்க்கில் தொடங்கிய ‘ஆர்மி பெயின்டர்’ நிறுவனம் ‘குயிக்ஷேட்’ என்ற பெயரில் கடைச் சரக்காக்கியது. நுணுக்க ஓவியர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாரந்தோறும் ஆடும் படைக்கு அவ்வளவு கெட்டியான காப்பு வேறு எதிலும் கிடைப்பது அரிது.

இவையெல்லாம் மேற்பரப்பின் கதை. இந்த உருவங்களுக்கு நேர்ந்த மிகப்பெரிய கேடு உள்ளேயிருந்து வந்தது. பத்து இருபது ஆண்டுகள் மூடிவைத்த இழுப்பறையைத் திறந்தவர்கள் உள்ளே வெள்ளைப் பொடியைக் கண்டார்கள். முதலில் அடித்தட்டின் கீழ்ப்பக்கத்தில், வண்ணம் படாத இடத்தில் மெல்லிய வெண்மை. பிறகு காலிலும் வாள் முனையிலும் வண்ணம் சிறு கொப்புளமாக எழும்பி நிற்கும். ஊசியால் தொட்டால் கொப்புளம் உடைந்து பொடி கொட்டும். முற்றிய நிலையில் வண்ணத்தோல் மட்டும் நிற்க, உள்ளே உலோகம் இருந்த இடத்தில் பொடிதான் இருக்கும். ‘லெட் ராட்’ என்று ஆட்டக்காரர்கள் இதை அழைத்தார்கள். சிலர் இதைக் குளிரில் வெள்ளீயம் பொடியும் ‘டின் பெஸ்ட்’ என்ற வேறொரு கோளாறோடு குழப்பிக்கொண்டார்கள். தூய வெள்ளீயம் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நீண்டகாலம் இருந்தால் சாம்பல் நிறப் பொடியாக மாறக்கூடும் என்பது உண்மை. ஆனால் காரீயமோ ஆன்டிமனியோ சிறிது கலந்தாலே அது தடைப்பட்டுவிடும். வீட்டு அலமாரியில் காணும் வெள்ளைப் பொடிக்குக் குளிர் காரணமல்ல.

காரணம் அலமாரியின் மரம். ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவியை ஓயாமல் வெளியிடுகிறது. ஒட்டுப்பலகை, சிப்போர்டு, எம்டிஎஃப் ஆகியவற்றின் பசை பார்மிக் அமிலத்துக்கு வழிசெய்கிறது. வினிகர் வாடை வீசும் சிலிக்கான் பசையும், அமிலத்தன்மையுள்ள அட்டையும், சில வகை வெள்ளைப் பசைகளும் இதே வேலையைச் செய்கின்றன. அமில ஆவி காரீயத்தைத் தாக்கி ஈய அசிட்டேட்டாக்குகிறது. காற்றின் கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து அதை ஈயக் கார்பனேட்டாக மாற்றுகின்றன. அப்போது அசிட்டிக் அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த அடுக்கைத் தாக்கப் போகிறது. தொடங்கிவைக்கக் கொஞ்சம் அமிலம் போதும். பிறகு அது தானே தொடரும். பெயின்ட் கடைகளில் சபேதா என்று விற்ற வெள்ளை நிறப்பொருளை ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகத் தயாரித்தது இதே முறையில்தான். ஈயச் சுருள்களை வினிகர்ச் சட்டிகளோடு சாணக் குவியலுக்குள் புதைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். மூடிய ஓக் அலமாரிக்குள் அந்தத் தொழிற்சாலையே, மெதுவாக, யாரும் கேட்காமல் நடந்துகொண்டிருந்தது.

கொடுமை என்னவென்றால், மிகுந்த அக்கறையோடு வைத்தவர்களே அதிகம் இழந்தார்கள். தூசி புகாமல் இறுக மூடும் நல்ல ஓக் அலமாரி வாங்கியவரின் படை அரிபட்டது. அமில ஆவி வெளியேற வழி இல்லாததால் அது உள்ளேயே தேங்கியது. திறந்த தட்டில் தூசி படிய நின்ற படை தப்பியது. அருங்காட்சியகங்களும் இதே பாடத்தைப் படித்தன. 1973இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி ஒரு சோதனை முறையை வெளியிட்டார். காட்சிப் பெட்டி செய்யப் பயன்படும் மரம், துணி, பசை எதுவானாலும் அதன் ஒரு துண்டை வெள்ளி, செம்பு, காரீயத் தகடுகளோடு ஈரமான குப்பியில் அடைத்து, 60 டிகிரி சூட்டில் 28 நாட்கள் வைப்பார்கள். தகடு கறுத்தாலோ வெளுத்தாலோ அந்தப் பொருள் பெட்டிக்கு ஆகாது. அமெரிக்கக் கடற்படையின் கப்பல் மாதிரிகளைப் பேணிய டேனா வெக்னர், மாதிரிக் கப்பல்களின் ஈய நங்கூரங்களும் பீரங்கிகளும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே பொடியாவதை ஆராய்ந்து 1990களில் எழுதியவை, பொம்மை வீரர்களைச் சேர்ப்பவர்களிடமும் பரவின. அதன் பிறகே பலருக்குத் தங்கள் அலமாரியின்மேல் சந்தேகம் வந்தது.

தடுக்கும் வழிகள் எளியவை. கண்ணாடியும் உலோகமும் கொண்ட அலமாரி, அமிலமற்ற அட்டை, பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் பெட்டி, உள்ளே கொஞ்சம் காற்றோட்டம், ஈரப்பதம் பாதிக்குக் கீழே. பெட்டிக்குள் வைக்கும் கரித்தூள் பை அமில ஆவியை உறிஞ்சும். வண்ணமும் வார்னிஷும் ஓரளவு தடுக்கும். பலர் வண்ணமே பூசாமல் விடும் அடித்தட்டின் கீழ்ப்பக்கத்துக்கும் பூசினால்தான் அது காப்பு. அரிப்பு தொடங்கிவிட்ட உருவத்தை வினிகரில் கழுவுவதைப் போன்ற தவறு வேறில்லை. அருங்காட்சியக வல்லுநர்கள் மின்பகுப்பு முறையில் பொடியை மறுபடி உலோகமாக்குவதும் உண்டு, ஆனால் அதற்கு வண்ணத்தைப் பலி கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பொடி நஞ்சு என்பதும் மறக்கக் கூடாதது. ஊதித் தட்டாமல், ஈரத்துணியில் ஒற்றி எடுத்து, கையைக் கழுவ வேண்டும்.

எல்லா உருவங்களும் ஒரே மாதிரி அரிபடுவதில்லை. காரீயம் மிகுந்த மலிவுக் கலவை விரைவில் அரிபடும், வெள்ளீயம் மிகுந்தது பெரும்பாலும் தப்பும். நியூரம்பர்க் தட்டை வீரர்கள் நிலைத்ததன் விளக்கம் இங்கே கிடைக்கிறது. 1993இல் நியூயார்க் மாநிலம், குழந்தைகள் நலன் கருதி உருவங்களில் காரீயத்தைத் தடுக்கச் சட்ட முயற்சி எடுத்தது. சின்சினாட்டி நகரில் 1975இல் தொடங்கிய ரால் பார்த்தா நிறுவனம் ‘ரலிடியம்’ என்ற காரீயமில்லாக் கலவைக்கு மாறியது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக வெள்ளீயம் மிகுந்த கலவைக்கு வந்தன. விலை ஏறியதாக வாங்குபவர்கள் முணுமுணுத்தார்கள். நஞ்சைப் பற்றிய கவலையால் எடுத்த அந்த முடிவு, அந்த உருவங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொடுத்துவிட்டது.

பிளாஸ்டிக் தன் பங்குக்கு வேறு சிக்கல்களைக் கொண்டுவந்தது. 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் விற்ற சிறு பெட்டி வீரர்கள் மென்மையான பாலிஎத்திலீன். கைச்செலவுக் காசில் ஒரு படையையே வாங்கலாம் என்பதால் ஒரு தலைமுறை முழுவதும் அவற்றில்தான் ஆட்டம் பழகியது. ஆனால் பாலிஎத்திலீனில் எந்த வண்ணமும் பிடிப்பதில்லை. ஈட்டி வளைந்து நிமிர்ந்த மறுநொடி எனாமல் சீவலாக உரிந்து விழும். சோப்பு நீரில் கழுவி அச்செண்ணெயை நீக்குவது, நீர்த்த வெள்ளைப் பசையை அடிப்பூச்சாகப் பூசுவது, தீட்டி முடித்து மறுபடியும் பசையால் மூடுவது என்று பல வழிகளில் ஆட்டக்காரர்கள் போராடினார்கள். ஓரளவே பலித்தது. பழைய வீரர்களில் சிலர் நொறுங்கும் நிலைக்கும் வந்துவிட்டார்கள். 1980கள் முதல் பரவிய கடினமான பாலிஸ்டைரீன் இந்தச் சண்டையை முடித்தது. அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு உறுதியாகப் பிடிக்கும், எடை குறைவு என்பதால் விழுந்தாலும் பெரிய சேதமில்லை. உலோக டிராகன் மேசை விளிம்பிலிருந்து விழுந்தால் தன் எடையாலேயே தன்னை உடைத்துக்கொள்ளும்.

1983இல் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் வெளியிட்ட ‘வார்ஹாமர்’ ஆட்டம், அதைத் தொடர்ந்து 1987இல் வந்த ‘வார்ஹாமர் 40,000’ ஆகியவற்றோடு இந்தப் பொழுதுபோக்கு கடைவீதிக்கு வந்தது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் எனாமலின் இடத்தைப் பிடித்தது. அக்ரிலிக் மஞ்சளிப்பதில்லை, ஆனால் எனாமல் அளவுக்கு இறுகுவதுமில்லை. வெப்பத்தில் சற்று இளகும், தூசி ஒட்டிக்கொள்ளும், மெதுபிளாஸ்டிக் பைகளின் மீது மாதக்கணக்கில் சாய்ந்திருந்தால் பிசின்போல் ஒட்டும். வார்னிஷ் பூசுவது விருப்பம் என்பதிலிருந்து கட்டாயம் என்று ஆனது இதனால்தான். அதே 1987இல் தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ ஓவியப் போட்டி இன்னொரு பிரிவையும் உண்டாக்கியது. ஒரு பக்கம் ஆடுவதற்கான படை, மறு பக்கம் யாரும் தொடாமல் கண்ணாடிக்குள் வைக்கும் போட்டி உருவம். பின்னதற்கு வார்னிஷ் நிறத்தின் நுட்பத்தைக் கெடுக்கும் என்று பூசாமலே விடுபவர்கள் உண்டு.

போட்டிகளுக்காக ஊர்விட்டு ஊர் போகத் தொடங்கியபோது பெட்டிப் பிரச்சினை புதிதாக எழுந்தது. மெத்தைக்கான பாலியூரித்தேன் ஃபோமில் உருவத்தின் வடிவத்துக்குக் குழி வெட்டி அடுக்கும் பெட்டிகள் பரவின. பிரிட்டனில் கேஆர் மல்டிகேஸ், ஜெர்மனியில் ஃபெல்ட்ஹெர் என்று இதற்கென்றே நிறுவனங்கள் வந்தன. நூல்கட்டின் வேலையைத்தான் ஃபோமும் செய்தது. ஒன்றை ஒன்று உரசாமல் பிரித்து வைத்தது. ஆனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஃபோமின் சொரசொரப்பு மூக்கையும் முழங்கையையும் தேய்த்தது. அதோடு பாலியூரித்தேன் சாகாவரம் பெற்றதல்ல. எஸ்டர் வகை ஈரத்தாலும், ஈதர் வகை ஒளியாலும் காற்றாலும் சிதையும். பழுப்பேறி, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் பரணில் கிடந்த ஃபோம் பெட்டிகளிலிருந்து உருவத்தை உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஃபோமுக்கு மாற்று காந்தம். 1980களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் சில மில்லிமீட்டர் வில்லையில் பெரும் இழுவிசை கொண்டது. அதன் விலை இறங்கிய பிறகு, அடித்தட்டின் கீழே ஒரு வில்லையை ஒட்டி, தகரத் தளம் போட்ட பெட்டியில் நிற்க வைக்கும் முறை பரவியது. உருவத்தை எதுவும் தொடுவதில்லை; வண்ணத்தைச் சுற்றி வெறும் காற்றுதான். பெட்டியைச் சாய்த்தாலும் நிற்கும். அட்டை, நூல், ஃபோம் எல்லாம் முயன்று எட்டாத எளிமை இது. கனமான உலோக உருவத்துக்கு மட்டும் வலிமையான காந்தம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு குலுக்கலில் பல சாய்ந்துவிடும்.

தூசிக்கும் ஒளிக்கும் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. முகப்பூச்சுக்கான மென்தூரிகையால் மேலிருந்து கீழாக ஒற்றிவிடுவது, நேர்வெயில் படாத சுவரோரத்தில் அலமாரியை வைப்பது என்ற இரண்டும் போதும். சிவப்பும் ஊதாவும் வெயிலில் முதலில் வெளுக்கும்.

பழைய வண்ணத்தைக் களைந்து மறுபடி தீட்டுவதில்தான் சேகரிப்பவருக்கும் ஆட்டக்காரருக்கும் கருத்து பிளவுபடுகிறது. பிரிட்டன் வீரனின் தொழிற்சாலைப் பூச்சைச் சுரண்டியெடுத்தால் அதன் விலை போய்விடும். உரிந்த வண்ணத்தோடு அப்படியே வைப்பதே சேகரிப்பவர் மரபு. ஆட்டக்காரருக்கோ கைமாறி வந்த படை புதிதாகத் தீட்டப்படக் காத்திருக்கும் உலோகம். இங்கிலாந்தில் அதற்கு டெட்டாலில் இரவு முழுக்க ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பது பரவலான வழக்கம். கழுவும்போது அதையே டெட்டாலில் செய்ய வேண்டும். தண்ணீர் பட்டால் இளகிய வண்ணம் பசையாகி அப்பிக்கொள்ளும். பிரேக் திரவம் உலோகத்துக்குப் பரவாயில்லை, பிளாஸ்டிக்கைக் கெடுக்கக்கூடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பாலிஸ்டைரீனுக்குத் தீங்கு செய்வதில்லை, ஆனால் சிலவகை ரெசினை மென்மையாக்கும்.

ரெசின் பரவிய பிறகு பேணும் முறைகளில் இன்னொரு திருத்தம் வந்தது. கேம்ஸ் வொர்க்ஷாப் 2011இல் ‘ஃபைன்காஸ்ட்’ என்ற பெயரில் உலோக உருவங்களை ரெசினுக்கு மாற்றியது. நுணுக்கம் கூடியது, ஆனால் கோடை வெயிலில் காரில் விட்டுவைத்த பெட்டியில் ஈட்டிகள் வளைந்தன. வளைந்ததைச் சுடுநீரில் நனைத்து நேராக்கிக் குளிர்நீரில் நிறுத்துவது வழக்கமாயிற்று. அண்மைக்காலத்தில் வீட்டு 3டி பிரின்டர்களில் ஒளியால் இறுகும் ரெசினில் வரும் உருவங்கள் இன்னும் நொய்மையானவை. பிரின்டரிலிருந்து எடுத்த பின் சரியாகக் கழுவாமல், புறஊதா விளக்கில் முழுமையாக இறுக்காமல் விட்டால், இறுகாத ரெசின் உள்ளே தங்கி மாதங்கள் கழித்து வண்ணத்தை உடைத்துக்கொண்டு கசியும். அளவுக்கு மீறி ஒளி பட்டால் மஞ்சளித்து முறியும். அதனால் இவற்றுக்குப் பிரைமரும் வண்ணமும் அழகுக்கு மட்டுமல்லாமல் ஒளி உள்ளே புகாமல் தடுக்கவும் பூசப்படுகின்றன. உட்புறம் குடைவாக அச்சிடும் உருவங்களில் அடியில் ஒரு துளை விட்டு, உள்ளேயும் கழுவி ஒளி காட்டிய பிறகே அடித்தட்டில் ஒட்டுகிறார்கள்.